ஒவ்வொரு மாதமும் 30ஆம் தேதி

மாநகராட்சிப் புகார்ப் பிரிவில் 21 ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஆறு மாதம் கழித்துப் பழைய அலுவலகத்திலிருந்தே அழைப்பு வந்தது. செயற்கை நுண்ணறிவுக்குப் புகார்களைக் கற்றுக்கொடுக்க விஷயம் தெரிந்த ஆள் வேண்டுமாம். அப்போது வீட்டில் பேரனுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இதுவும் அதே வேலைதானே என்று கிளம்பிப் போனேன்.

2015 ஜூனில் மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தைத் தொடங்கியது. சீர்மிகு நகரம் என்று தமிழில் பலகை வைத்தார்களே, அதுதான். நாடு முழுக்க 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. எங்கள் ஊரும் அந்தப் பட்டியலில் உண்டு. நடைபாதையும் எல்.இ.டி. விளக்குகளும் எல்லோர் கண்ணிலும் பட்டன. ஊர்க்காரர்கள் அதிகம் பார்க்காதது கட்டுப்பாட்டு அறை. சுவர் முழுக்கத் திரை, எலும்பு வரை குளிர வைக்கும் ஏ.சி. எனக்கு அங்கே ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டார்கள். இரண்டாம் நாளே சால்வை கொண்டுபோனேன்.

பழைய புகார்களை ஒவ்வொன்றாகப் படித்து, குடிநீர், பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, சாலை என்று பிரித்துக் கொடுப்பது என் வேலை. இப்படி ஆயிரக்கணக்கில் பிரித்துக் கொடுத்தால், எந்தச் சொற்கள் எந்தப் பிரிவோடு சேர்ந்து வருகின்றன என்று கணினி பிடித்துக்கொள்ளும். புதிய புகார் வந்தால் தானே பிரிவு சொல்லி, எவ்வளவு நிச்சயம் என்று ஒரு மதிப்பெண்ணும் போடும். மதிப்பெண் குறைந்தால் அது மனிதரிடம் வரும், அதாவது என்னிடம்.

தமிழில் இது லேசான காரியமில்லை. “எங்கள் தெருவில் மூன்று நாளாக எரிகிறது” என்று ஒருவர் எழுதியிருந்தார். எரிவது குப்பையா, பகலிலும் அணைக்காத விளக்கா? “மூடி இல்லை” என்றால் மேன்ஹோல். “மூடி இருக்கிறது” என்றால் பெரும்பாலும் பொதுக் கழிப்பறை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் விளக்கு போட்டதற்கு நன்றி தெரிவித்து ஒன்றரைப் பக்கம் எழுதினார். ‘தெருவிளக்கு’ என்ற சொல் ஏழு முறை வந்ததால் கணினி அதைப் புகாராகப் பதிந்து, ஆள் போய்ப் பார்த்துவிட்டு வர, “தங்கள் குறை தீர்க்கப்பட்டது” என்று அவருக்குக் குறுஞ்செய்தியும் போயிற்று.

என்னோடு வேலை செய்த பொறியாளர் பையன் ஒரு கதை சொன்னான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2012இல் ‘ஸ்ட்ரீட் பம்ப்’ என்றொரு செயலி விட்டார்கள். காரில் போகும்போது கைபேசி குலுங்குவதை வைத்துச் சாலைப் பள்ளத்தைக் கண்டுபிடிக்கும். ஏழைகளிடமும் முதியவர்களிடமும் அந்த மாதிரிக் கைபேசி குறைவு. ஆகவே அவர்கள் தெருப் பள்ளங்கள் கணக்கில் வராமல் போகக்கூடும் என்ற சிக்கல் இருந்ததாம். தாழ்ந்துபோன மேன்ஹோல் மூடிகளையும் அது பள்ளம் என்றதாம். (மூடி அங்கேயும் தொல்லைதான்!) எனக்கு எங்கள் ஊர் ஆட்டிறைச்சிக் கூடத்துப் பின்தெரு ஞாபகம் வந்தது. அங்கிருந்து செயலியில் ஒரு புகார் வந்ததில்லை. நேரில் வந்து ஜன்னலோரம் நிற்பார்கள். நான் துண்டுச் சீட்டில் குறித்து மேஸ்திரியிடம் கொடுப்பேன். அந்தச் சீட்டுகள் எந்தக் கணினியிலும் ஏறவில்லை. திரையில் அந்தத் தெரு பச்சையாக, ஊரிலேயே குறையில்லாத தெருவாக இருந்தது.

அடுத்ததாக, எந்தப் புகார் எத்தனை நாளில் தீரும் என்று கணிக்கும் பகுதியைத் தயாரித்தார்கள். ஒருநாள் பையன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான்.

“மேடம், ஒவ்வொரு மாதமும் 30ஆம் தேதி உங்கள் ஊரில் அப்படி என்ன நடக்கும்?”

வரைபடத்தில் மாதக் கடைசிதோறும் ஒரு கோபுரம். அன்று மட்டும் ஊரின் சாக்கடைகளெல்லாம் சரியாகிவிடுகின்றன.

எனக்குத் தெரியாமல் இருக்குமா? முதல் வாரத்தில் ஆய்வுக் கூட்டம். நிலுவை அதிகமிருந்தால் எல்லோர் முன்னிலையிலும் படிப்பார்கள். 30ஆம் தேதி சாயங்காலம் உதவிப் பொறியாளர்களுக்குப் போன் போடுவேன். “ஆள் அனுப்பியாயிற்றா?” “அனுப்பிவிட்டேன் அம்மா.” அதற்கு மேல் கேட்க மாட்டேன். ‘முடிந்தது’. கையால் எழுதிய பதிவேட்டுக் காலத்தில் பழகியதைக் கணினி வந்த பிறகும் விடவில்லை. நான் மூடியதையெல்லாம் அது வேதவாக்காக எடுத்துப் படித்திருக்கிறது. அடைப்பு இரண்டே நாளில் சரியாகும் என்று அது சொன்னதற்கு ஆதாரம் என் விரல்கள்.

மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். பையன் சிரிக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரே தெருவிலிருந்து அதே புகார் பத்து நாளுக்குள் மறுபடி வந்திருந்தால், முந்தையது முடியவில்லை என்றே கணக்கிடலாம் என்றேன். இரண்டு வாரம் உட்கார்ந்து திருத்தினோம். துண்டுச் சீட்டுகளில் என் அலமாரியில் மிஞ்சியிருந்தவற்றையும் தட்டச்சு செய்தேன். கோபுரங்கள் சரிந்தன. அடைப்புக்கு இரண்டு நாள் என்றிருந்தது பதினொன்றாயிற்று. பின்தெரு சிவந்தது.

பெரிய அதிகாரி ஒருவர் இரண்டு வரைபடங்களையும் பார்த்தார். மென்மையாகத்தான் பேசினார்: “பார்வையாளர்கள் வருகிறார்கள், இப்போதைக்குப் பழையதே இருக்கட்டும் அம்மா.”

சுவர்த் திரையில் ஓடுவது பழையது. புதியது பையனின் மடிக்கணினியில் இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் எனக்கு அனுப்புகிறான். சிவந்திருக்கும் தெருக்களைச் சீட்டில் எழுதி, மேஸ்திரியிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.