பழைய பஸ்ஸுக்கு உள்சுவர்: எதைப் போட்டேன், எதை விட்டேன்

பழைய பஸ் ஒன்றை வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். உள்பக்கத் தகரத்தையும் கிழிந்த ரெக்சினையும் கழற்றி முடித்தாகிவிட்டது. இப்போது வண்டிக்குள் நின்றால் வெளித்தகடு, அதைத் தாங்கும் 40 மி.மீ. சதுரக் குழாய்கள், ஜன்னலுக்குக் கீழே ஓடும் எல் ஆங்கிள், அவ்வளவுதான். இதன்மேல் எதைப் போட்டு மூடுவது என்பதுதான் கோடை முழுவதும் என் தலைவலி.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. ஓடி ஓய்ந்த டவுன் பஸ். பழைய இரும்பு வியாபாரியிடம் வாங்கினேன். எஞ்சின் கிடையாது. உடுமலைப்பேட்டைக்கு வெளியே எங்கள் தோப்பின் ஓரத்தில் கருங்கல் கட்டின்மேல் நிற்கிறது. தென்னைக்கு நேர் கீழே நிறுத்தவில்லை; தகரக் கூரையில் தேங்காய் விழும் சத்தத்தைக் கேட்டவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள். ஓடும் வண்டியாக இருந்தால் கதையே வேறு. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. பஸ் பாடிக்கான ஏ.ஐ.எஸ். 052 விதியோ உள்ளே போடும் பொருள் எவ்வளவு வேகமாக எரியலாம் என்பது வரை கணக்குப் பார்க்கிறது. நிற்கிற பஸ்ஸுக்கு அப்படிக் கேட்பவர் யாரும் இல்லை என்பதால், அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டேன்.

இணையத்தில் பஸ் வீடு என்று தேடினால் வருவது பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளி வண்டிகள். உள்ளே பைன் பலகையை வரிவரியாகக் கோத்து, பார்க்க அழகாகச் செய்திருக்கிறார்கள். அவர்களுடைய கவலை பனிக்காலம்: உள்ளே இருக்கும் ஈரம் குளிர்ந்த தகட்டில் வியர்த்து வடிவது. நம் கவலை வெயிலும் கரையானும். கோவைப் பக்கம் பைன் என்றால் இயந்திரம் வந்து இறங்கும் பெட்டி மரம். தோப்புக்குள் அதைச் சுவராக வைத்தால் கரையானுக்கு இலை போட்ட மாதிரிதான்.

கரூரில் பாடி கட்டும் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். பலகை மாதிரிகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக மேற்குப் பக்க ஜன்னலடியில் உட்கார்ந்து, எல் ஆங்கிளில் துருப்பிடித்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார்.

“ஜன்னலடியில் தண்ணீர் இறங்காத பஸ்ஸை நான் பார்த்ததில்லை தம்பி. ரப்பரை மாற்றுங்கள், சீலண்ட் அடியுங்கள், இரண்டு வருடம் கழித்து மறுபடியும் இறங்கும். பலகையைக் கழற்றிப் பார்க்கிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள்.”

“ஒட்டிவிட்டால் கச்சிதமாக இருக்குமே அண்ணா?”

“இருக்கும். உள்ளே குழாய் அரித்துப்போவதும் கச்சிதமாக மறைந்திருக்கும்.”

அதன்பிறகு என் கேள்வியே மாறிவிட்டது. எந்தப் பலகை அழகு என்பதை விட்டுவிட்டு, எது வெயிலில் நெளியாது, நனைந்தாலும் பிரியாது, பத்து முறை கழற்றி மாட்டினாலும் ஓட்டை பெரிதாகாது என்று பார்க்க ஆரம்பித்தேன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரில் காற்றாலையை மட்டும் சுற்றுவதில்லை. சாரலைப் படுக்கைவாட்டில் கொண்டுவந்து ஜன்னலில் அறையும்.

ஆளாளுக்குப் பரிந்துரைத்தது பி.வி.சி. பேனல். மலிவு, மட்காது, கரையான் தொடாது. ஒரு பட்டையை மேற்குச் சுவரில் இரு முனையும் இறுக்கித் திருகி, மே மாத வெயிலில் விட்டுவைத்தேன். மதியம் மூன்று மணிக்கு அது நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. கணக்கும் அதையே சொல்கிறது: எட்டடிப் பட்டை 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 4 மி.மீ. நீளும், அதே நீள இரும்பு 1 மி.மீ.கூட நீளாது. முனையில் இடைவெளி விட்டு மாட்டினால் நெளியாது என்பது உண்மைதான். ஆனால் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சுப் புகை வரும். ஒரே வாசல் உள்ள நீளமான பெட்டிக்குள் அந்தப் புகையோடு இருக்க எனக்கு விருப்பமில்லை. கிழக்குப் பக்கக் குளியலறைக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டேன்.

ஏ.சி.பி. என்னும் அலுமினியக் கூட்டுப் பலகையை உடனே கைவிட்டேன். பளபளப்பு என் ரசனைக்கு ஒத்துவரவில்லை. அதைவிட, இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் இருப்பது பல வகைகளில் பாலிஎத்திலீன் என்ற, எளிதில் எரியும் பிளாஸ்டிக். 2017-இல் 72 பேரைப் பலிகொண்ட லண்டன் கிரென்ஃபெல் டவர் தீ அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு முக்கியக் காரணம் அந்த வகைப் பலகைதான்.

சிமென்ட் ஃபைபர் போர்டு எரியாது, கரையானும் சீண்டாது. ஆனால் 6 மி.மீ. கனத்தில் எட்டுக்கு நாலு பலகை ஒன்று 25 கிலோ அளவுக்கு வரும். ஓரத்தில் திருகினால் விள்ளும். கூரை வளைவுக்கு வளையவே வளையாது. வெறும் அலுமினியத் தகடு பஸ்ஸுக்குப் பழகிய பொருள்தான், ஆனால் மழை பெய்தால் பேச முடியாது. அடுப்புக்குப் பின்னால் மட்டும் அதைப் போட்டிருக்கிறேன். இரும்புக் குழாயில் அது நேராகப் படாமல் நடுவில் ரப்பர் பட்டை. ஈரத்தில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும்.

மிஞ்சியது பிளைவுட். கடையில் எல்லாவற்றையும் வாட்டர் புரூஃப் என்றுதான் சொல்கிறார்கள். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பலகைக்கு 72 மணி நேரம் கொதிநீரில் வைக்கும் சோதனை உண்டு. முத்திரையை மட்டும் நம்பாமல், இரண்டு கடைகளில் வாங்கிய துண்டுகளைப் பழைய அலுமினியப் பானையில் போட்டு விறகடுப்பில் ஏற்றினேன். அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “உப்புப் போட்டாயா?” என்று கேட்டுவிட்டுப் போனார். மாலைக்குள் மலிவான துண்டின் ஓரம் புத்தகம்போல் விரிந்து, தண்ணீர் தேநீர் நிறமாகிவிட்டது. மற்றொன்றின் அடுக்குகளுக்கு நடுவில் கத்தி முனைகூட இறங்கவில்லை. சுவருக்கு அதில் 6 மி.மீ., கூரை வளைவுக்கு 4 மி.மீ. என்று முடிவாயிற்று.

சன்மைக்கா வேண்டாம் என்று வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் மெல்லிய பலகை முறுக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒட்டச் செலவு கட்டாது. எனாமல் பெயின்ட்டே போதும். பலகை தண்ணீர் குடிப்பது முகத்தால் அல்ல, வெட்டிய விளிம்பால். எனவே விளிம்புகளுக்கும் திருகு ஓட்டைகளுக்கும் எபாக்சியை இரண்டு கை தடவினேன். வேலையில் பாதி நேரம் இதற்கே போனது.

மாட்டும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சதுரக் குழாயில் 9 மி.மீ. ஓட்டை போட்டு, அதன் விளிம்பில் துத்தநாக பிரைமர் தொட்டு, எம்6 ரிவெட் நட்டை (குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு திருகுக்கு மரை தரும் சிறு உருளை) வைத்து இழுத்தால் கிளக் என்று பிடித்துக்கொள்ளும். பிறகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகை எத்தனை முறை கழற்றினாலும் மரை போகாது. குழாய்க்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டியதால் கிறீச்சிடுவதும் இல்லை, குழாயின் சூடு நேராகப் பலகைக்கு வருவதும் குறைகிறது. குழாய்களுக்கு இடையில் 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். என்னும் வெப்பம் தடுக்கும் நுரை அட்டையை உள்பக்கமாக ஒட்டினாற்போல் நிறுத்தி, வெளித்தகட்டுப் பக்கம் 15 மி.மீ. வெற்றிடம் விட்டிருக்கிறேன். தண்ணீர் இறங்கினால் அந்த வழியாகக் கீழே ஓடி, தரையோரத் துளையில் வெளியேற வேண்டும். ஜன்னல் சட்டத்தில் ஒரு குடம் ஊற்றிப் பார்த்தேன், போகிறது. எக்ஸ்.பி.எஸ்ஸும் தீப்பிடிக்கும் என்பதால் தீத்தடுப்பு ரகமாகப் பார்த்து வாங்கினேன். அடுப்புப் பக்கம் அது அறவே இல்லை, கண்ணாடிக் கம்பளிதான்.

மேற்குச் சுவரும் கூரையில் பாதியும் முடிந்திருக்கின்றன. பின்பக்கம் இன்னும் வெறும் தகரம். அங்கே உள்ள அவசர வழியை வைத்துக்கொள்வதா, வெல்டிங் செய்து மூடிவிடுவதா என்று வீட்டில் பேச்சு ஓடியது. புகைக் கணக்கைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. அதன் கீல் இறுகிக் கிடக்கிறது, பீடிங் ரப்பரும் நொறுங்கிவிட்டது. கரூர் அண்ணன் புது ரப்பர் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். கதவு சரியான பிறகுதான் அந்தப் பக்கத்துக்குப் பலகை அளவெடுக்க வேண்டும்.