செவ்வாய், வியாழன், சனி

ஆகஸ்ட் 12, 2025, செவ்வாய்

நாலரைக்கு விழிப்பு. அலாரம் வைக்கவில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் இப்படித்தான். ஏழு மாசமாக எங்கேயும் போக வேண்டியதில்லை, உடம்புக்கு அது இன்னும் தெரியவில்லை. எழுந்து ஃபிளாஸ்க்கைத் தேடினேன். அடுப்படிக்குப் போன பிறகுதான் நினைவு வந்தது.

இன்று திரும்பப் படுக்கவில்லை. ஆறிலிருந்து பத்து வரை, அதே நான்கு மணி நேரம். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளால் இங்கே மேஜை முன்னால் உட்கார முடியாதா? வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி. மனசு வந்தால் படிக்கலாம், வராவிட்டால் விட்டுவிடலாம் என்ற பேச்சே கிடையாது. அம்மாவின் டயாலிசிஸுக்கு மனசு வந்தா போனோம்?

ஆகஸ்ட் 13

பேங்கில் 1,14,000. வாடகை 16,000. மேலே கணக்குப் போடவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பழைய சாஃப்ட்வேர் டெஸ்டிங் ப்ராஜெக்ட்டைத் திறந்தேன். 2021 நவம்பரில் மூடியது. செலினியம் 3, பிரவுசரைத் தானாக ஓட்டி டெஸ்ட் பண்ணும் டூல். அப்போதெல்லாம் குரோமை ஓட்ட குரோம் டிரைவரைத் தனியாக இறக்கி, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று புரோகிராமில் எழுதி வைக்க வேண்டும். குரோம் ராத்திரியில் தானாக அப்டேட் ஆகிவிட்டால் காலையில் எல்லா டெஸ்டும் சிவப்பு. இப்போது செலினியம் 4. அதில் 4.6-லிருந்து டிரைவரை அதுவே தேடி எடுத்துக்கொள்கிறது. நான் மனப்பாடமாக வைத்திருந்த வரிகளைப் புதியதில் எழுதினால் பாதிக்கு, இது பழசு என்று அடித்துக் கோடு விழுகிறது. காத்திருக்கும் நேரத்தைச் சொல்ல டைம்யூனிட் போய் டியூரேஷன் வந்திருக்கிறது.

பத்தரை மணிக்கு ஒரே ஒரு டெஸ்ட் பச்சையானது. லாகின் பக்கம், சரியான பாஸ்வேர்டு, அவ்வளவுதான். கை தட்டலாம் போல இருந்தது. "அம்மா, வந்துடுச்சு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கட்டில் காலியாகத்தான் இருந்தது.

வேலை விளம்பரம் எல்லாவற்றிலும் பிளேரைட் கேட்கிறார்கள், செலினியம் மாதிரியே இன்னொரு டூல். 2020-லேயே வந்துவிட்டது. வேலையில் இருந்தபோது அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. ரெஸ்யூமே முடித்தே தீர்வது என்று உட்கார்ந்தேன்.

ஒன்பது வருஷ வேலையை அரை மணியில் எழுதிவிட்டேன். 2021 நவம்பருக்குப் பிறகு என்ன எழுதுவது என்றுதான் மத்தியானம் முழுக்கப் போனது. லிங்க்ட்இன்னில் வேலை இடைவெளி என்று தனியாகவே சேர்க்கலாம். 2022-ல் கொண்டுவந்தார்களாம். என்ன காரணம் என்று ஒரு பட்டியல் இறங்குகிறது. பிள்ளை வளர்ப்பு, உடல்நலம், பயணம், ஊர் மாற்றம், பணி நீக்கம். அதிலேயே பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறது. இழப்பு என்றும் ஒன்று இருக்கிறது.

இரண்டும் ஒரே பட்டியலில்.

பராமரிப்பைத் தேர்ந்தெடுத்தேன். தொடங்கிய மாதம் கேட்டது, போட்டேன். முடிந்த மாதம் கேட்டது. ஜனவரி 2025 என்று போட்டால் அடுத்ததாக இழப்பு என்று ஒன்றைத் தொடங்க வேண்டும், அது எப்போது முடிந்தது என்றும் போட வேண்டும். அல்லது "தொடர்கிறது" என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். இழப்பு தொடர்கிறது என்று படிக்கிற எந்த ஹெச்ஆர் கூப்பிடுவாள்? சேமிக்காமல் மூடிவிட்டேன்.

"குடும்பக் காரணங்கள்" என்று எழுதச் சொல்கிறான் தம்பி. எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று வருஷமும் இரண்டு மாசமும். அதற்கு இரண்டு சொல்லா?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

080 என்று ஆரம்பிக்கும் பெங்களூர் நம்பர். குக்கரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்டான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்றைய 080 நிஜம், ஒரு ஹெச்ஆர் பெண். பேர் பார்த்துவிட்டு, "தமிழா மேம்? நானும் கோயமுத்தூர்தான்" என்றாள். குரலைக் கேட்டால் இருபத்து நாலு, இருபத்தஞ்சு வயசிருக்கும். எத்தனை வருஷ அனுபவம், கடைசிச் சம்பளம், எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க, நோட்டீஸ் பீரியட் எவ்வளவு. உடனே சேர்ந்துடுவேன் என்றேன். "சூப்பர் மேம்." அப்புறம் அது வந்தது.

"இந்த கேப் எதுக்கு மேம்?"

"குடும்பக் காரணங்கள்." நானே சொல்லிவிட்டேன். நாலு நாள் முன்னால் பிடிக்கவில்லை என்று எழுதிய அதே வார்த்தை.

"கல்யாணமா மேம்? பேபியா?"

இரண்டும் இல்லை என்றேன். அவள் காத்திருந்தாள். அம்மா என்று ஆரம்பித்தேன், குரல் கம்மிவிட்டது. "பரவால்ல மேம், திரும்பக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள். அவள் நல்ல பெண். அதுதான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது.

ஆகஸ்ட் 22

கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பழைய ஆபீஸ் தோழி மாரத்தஹள்ளியிலிருந்து வந்தாள். வரும்போதே பேப்பர், பேனா, ஒரு கிலோ ஆப்பிள். "நான் இன்டர்வியூ எடுக்கறேன், நீ சிரிக்காம பதில் சொல்லு."

முதலில் சுலபமானது. வயது 18-லிருந்து 60 வரை மட்டும் ஏற்கும் ஒரு பெட்டி, எப்படி டெஸ்ட் பண்ணுவே? 17, 18, 19. 59, 60, 61. காலியாக விட்டு ஒன்று, எழுத்துப் போட்டு ஒன்று, மைனஸ் போட்டு ஒன்று. தப்பு ஒளிந்திருப்பது விளிம்பில். இது மறக்கவில்லை. சிவியரிட்டிக்கும் பிரையாரிட்டிக்கும் என்ன வித்தியாசம்? முகப்பில் கம்பெனி பேரே எழுத்துப்பிழையோடு இருந்தால் எதுவும் உடையாது, ஆனால் இன்றே திருத்தியாக வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கும் ரிப்போர்ட் திறந்ததும் மொத்தமும் நின்றுபோனால் அது பெரிய தப்பு, ஆனால் இன்றைக்கே அவசரம் இல்லை. சொல்லச் சொல்லக் குரல் தெளிந்தது எனக்கே தெரிந்தது.

"உன்னைப் பத்திச் சொல்லு" என்றதும் நாலு நிமிஷம் பேசியிருக்கிறேன். ஃபோனில் அளந்து வைத்திருந்தாள். ஒன்றரை நிமிஷம்தான் என்று வெட்டி வெட்டி எழுத வைத்தாள்.

அப்புறம் கேட்டாள்: "வேற யாருமே பார்க்காத ஒரு தப்பை நீ பிடிச்ச சம்பவம் ஒண்ணு சொல்லு." ஆபீஸ் சம்பவம்தான் கேட்டாள். எனக்கு வந்தது அந்த புதன்கிழமைச் சமாச்சாரம். அம்மாவின் ட்ரை வெயிட், அதாவது டயாலிசிஸ் முடியும்போது இருக்க வேண்டிய எடை. டாக்டர் 50 கிலோவை 51 ஆக்கினார். அம்மா கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்திருந்தாள், சதை பிடித்திருந்தது. மறுநாள் வியாழக்கிழமை ஷீட்டில் பழைய 50-யே இருந்தது. என் நோட்டில் 51. ஒரு கிலோ வித்தியாசம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் கூடுதலாக இழுப்பார்கள். பிபி இறங்கும், கால் நரம்பு இழுக்கும். ஊசி குத்துவதற்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன். அந்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், டாக்டருக்கு ஃபோன் பண்ணினாள்.

தோழி பேனாவை வைத்துவிட்டாள். "இதை ஏன்டி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லல?"

அம்மாவைச் சொல்லி வேலை கேட்க மாட்டேன் என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் ஆப்பிள் நறுக்கினாள். போகும்போது, "நீ செஞ்சதைத்தானே சொல்லச் சொன்னேன்" என்றாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

உருளைக்கிழங்கை நறுக்கித் தண்ணீரில் ஊறப் போட்டேன். பொட்டாசியம் இறங்க. யாருக்கு?

படிப்பு ஆறிலிருந்து எட்டரை வரைதான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வீடியோ இன்டர்வியூ, சாயங்காலம் ஐந்து மணி.

கட்டில் தெரியக் கூடாது என்று மேஜையைத் திருப்பிப் போட்டிருந்தேன். அதனால் ஜன்னல் முதுகுப் பக்கம் வந்துவிட்டது. "மேம், முகமே தெரியல" என்றுதான் ஆரம்பித்தார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன். நேற்றுச் சதுர்த்தி, இன்று பிள்ளையார்கள் ஏரிக்குப் போகும் வழி எங்கள் தெரு. தமட்டைச் சத்தம். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை கேட்க வைத்தேன்.

இம்ப்ளிசிட் வெயிட், எக்ஸ்ப்ளிசிட் வெயிட் இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகும்?

தெரியும். நிச்சயமாகத் தெரியும். முதலாவது எல்லாவற்றுக்கும் பொதுவாகக் காத்திருப்பது. இரண்டாவது ஒரு குறிப்பிட்ட நிலைமை வரும் வரைக்கும் காத்திருப்பது. இரண்டையும் கலந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து விநாடியும் பதினைந்து விநாடியும் வைத்தால் இருபது விநாடிக்குப் போய் நிற்கலாம். செலினியம் ஆவணத்திலேயே கலக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறது. இதெல்லாம் இப்போது, ராத்திரி ஒன்பது மணிக்கு, வரிசையாக வருகிறது. அப்போது "ரெண்டும் காத்திருக்கும் சார்" என்றேன்.

கேமராவில் என் முகத்தை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முகம்.

ஆகஸ்ட் 30, சனி

"அன்ஃபார்ச்சுனேட்லி." முதல் வார்த்தைக்கு மேல் படிக்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

எட்டு மணிக்கு எழுந்தேன்.

நாலரைக்கு விழிப்பு வரவில்லை. இத்தனை மாசம் அதை எப்படி நிறுத்துவது என்று தவித்தவள், வெயில் மூஞ்சியில் அடிக்க எழுந்து உட்கார்ந்து அழுதேன். உடம்பும் மறக்க ஆரம்பித்துவிட்டது. அம்மாவோடு எனக்கு இருந்த ஏற்பாடு அது ஒன்றுதான். படிக்கவில்லை. குளிக்கவும் இல்லை.

ஓனர் ஆன்ட்டி மாடிப்படியில், "கெலசா சிக்தா?" என்றார், வேலை கிடைத்ததா என்று. இன்னும் இல்லை என்று நானும் கன்னடத்தில், "இன்னூ இல்லா ஆன்ட்டி." பிஸிபேளேபாத் கொடுத்து அனுப்பினார். சாப்பிட்டேன். எத்தனை உப்பு! நல்ல ருசி.

செப்டம்பர் 3

அல்சூர் ஏரிப் பக்கம் நடந்தேன். திருவள்ளுவர் சிலை. 2009 ஆகஸ்டில் திறந்தபோது அம்மாதான் இழுத்துக்கொண்டு போனாள், கூட்டத்தில் செருப்பு ஒன்று தொலைந்தது. "பதினெட்டு வருஷம் மூடியே வச்சிருந்தாங்க பாப்பா, பாரு எப்படி நிக்கிறாரு." அந்தக் குரல் அப்படியே இருக்கிறது.

தமிழ்ச்சங்கத்து வாசல் வரை போய்த் திரும்பினேன்.

செப்டம்பர் 4, வியாழன்

ஆறிலிருந்து பத்து. அலாரம் வைத்து.

எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றிலிருந்து மெயில். திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்றிரவு சந்திர கிரகணம். தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பை போட்டேன். அம்மா இருந்தால் கேட்டிருப்பாள்.

நாளைக்கு நீலச் சுடிதார். ஒன்றரை நிமிஷப் பதிலை இருபது தடவை சொல்லியாயிற்று. கேப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை லைன், ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் லைன். புது லைன் தொடங்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை, வண்டிகள் குறைச்சல். ஒன்றை விட்டால் இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்க வேண்டும். இதற்காகவே இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்பியிருந்தேன். சில்க் போர்டு நெரிசலை மேலேயிருந்து பார்த்தபடி போனேன். கீழே அதே ரோட்டில் எத்தனை வருஷம் பஸ்ஸில் நின்றிருக்கிறேன்.

பையில் அம்மாவின் நோட்டு. எதற்கு எடுத்து வைத்தேன் என்று தெரியாது. காட்டுவதற்கு இல்லை.

இரண்டு பேர். ஒருவர் நரைத்தவர், டெஸ்டிங்கிலேயே இருந்து வந்தவர் என்பது கேள்வியில் தெரிந்தது. வெயிட் கேட்டார்கள்! இந்தத் தடவை சொன்னேன், பத்து, பதினைந்து, இருபது எல்லாம் சொன்னேன். ஏபிஐயில், அதாவது ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் பேசும் வழியில், திரும்பி வரும் 401, 403 என்ற எரர் எண்களுக்கு வித்தியாசம் கேட்டார்கள். யார் நீ என்பதே தெரியாவிட்டால் 401, தெரிந்தும் அனுமதி இல்லை என்றால் 403. பிளேரைட் தெரியுமா? மூன்று வாரமாகப் படிக்கிறேன், வேலையில் பயன்படுத்தியதில்லை என்றேன். உள்ளதைச் சொன்னேன்.

பிறகு நரைத்தவர் ரெஸ்யூமேவைத் திருப்பினார். "2021 நவம்பர்லேர்ந்து?"

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தது என்றேன். வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி டயாலிசிஸ். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், என்ன காய், எந்த மாத்திரை சாப்பாட்டோடு, எது பிறகு. டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாயை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இருந்த இடது கையில் யாரும் பிபி பட்டை கட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது. ஒவ்வொரு தடவையும் எடை, பிபி, எடுத்த தண்ணீர் மூன்றையும் எழுதுவது. அந்த 50, 51 சமாச்சாரமும் வந்துவிட்டது. நானாகத் தீர்மானித்துச் சொல்லவில்லை. எண்களைச் சொல்லிக்கொண்டே போனேன், எண்கள் என்னைத் தாங்கிக்கொண்டன.

"ஐ ஆம் சாரி" என்றார்கள். நரைத்தவர் ஒரு நிமிஷம் பொறுத்துக் கேட்டார்: "அது மறுபடி நடக்காம இருக்க என்ன செஞ்சீங்க?"

யாரும் கேட்காத கேள்வி. சொந்தக்காரர்கள் யாரும், தம்பிகூட கேட்டதில்லை. எடை மாறினால் ஃபைலின் முன் அட்டையில் சிவப்பு மையில் தேதி போட்டு எழுதச் சொன்னேன், மெஷினில் இணைக்கும் முன் நர்ஸும் நானும் சத்தமாக ஒரு தடவை படித்துக்கொள்வோம் என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்களும் பிறகு அப்படிச் செய்தார்கள். அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது ட்ரெயினில் நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கம் ஜனவரி 11, சனி. எடை 49.2. என் கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்திருக்கிறது. அம்மாவைச் சொல்லி வேலை கேட்டேனா? ஆர்.வி. ரோடு வரும் வரை இதையே திருப்பித் திருப்பி நினைத்தேன். கேட்கவில்லை என்றுதான் இப்போது படுகிறது. நாளைக்கு எப்படிப் படுமோ.

செப்டம்பர் 9, செவ்வாய்

நாலேமுக்காலுக்கு விழிப்பு. அலாரம் அடிப்பதற்கு முன்னால்.

மத்தியானம் மெயில். இரண்டாவது சுற்று, வியாழன் காலை எட்டு மணி, வீடியோ. அந்த நேரம் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறார்கள். வியாழன் ஆறிலிருந்து பத்து எனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? சரி என்று எழுதினேன்.

தம்பியைக் கூப்பிட்டேன். கட்டிலை ஓசூருக்கு எடுத்துப் போகிறேன் என்று மார்ச்சிலிருந்து சொல்கிறான், நான்தான் வேண்டாம் என்பேன். இன்றும் வேண்டாம் என்றேன். மேஜையை ஜன்னல் பக்கமாகவே போட்டுவிட்டேன். பின்னால் கட்டில் தெரியும், தெரியட்டும்.

செப்டம்பர் 10, புதன்

உப்பு வாங்க வேண்டும். ஃபிளாஸ்க் கழுவி வைத்தாயிற்று. அலாரம் வைக்கவில்லை.