காய்ந்த இலை அல்ல, வெட்டுக்கிளி

நேற்றிரவு ஏற்காட்டில், காப்பித் தோட்டத்து வீட்டுத் திண்ணையின் விளக்கடியில் ஒட்டியிருந்த காய்ந்த இலையைத் தட்டிவிடப் போனபோது, அது உடலைவிட நீளமான இரண்டு உணர்கொம்புகளை மெல்ல அசைத்தது.

"வெட்டுக்கிளிதானே தம்பி, விடுங்க" என்றார் தோட்டக் காவலர். வெட்டுக்கிளிதான், ஆனால் வயலை மேயும் குட்டைக் கொம்பு வகையன்று, நீளக் கொம்பு வெட்டுக்கிளிகளின் டெட்டிகோனிடே குடும்பத்தைச் சேர்ந்தது. வயல் வெட்டுக்கிளிக்குச் செவி வயிற்றின் முதல் கண்டத்தில், பக்கவாட்டில் இருக்கும்; இதற்கோ முன்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, டார்ச் ஒளியில் பார்த்தால் சிறு நீள்வட்டமாகத் தெரிகிறது. வாள்போன்ற முட்டையிடும் உறுப்பு இல்லாததால் ஆண் என்று கொண்டேன். இடச் சிறகின் அடியிலுள்ள அரம்போன்ற நரம்பை வலச் சிறகின் விளிம்பில் உரசித்தான் இது பாடுகிறது. நம் வீட்டுச் சுவர்க்கோழிக்கு வலச் சிறகே மேலே இருக்கும்.

தோற்றத்தில் இது மெக்கோபோடா பேரினம். லின்னேயஸ் 1758-இலேயே பெயரிட்ட மெக்கோபோடா எலாங்கேட்டா இதில் அடங்கும் என்றாலும், உருவத்தால் பிரித்தறிய முடியாத தென்னிந்திய மெக்கோபோடாக்களில் 5 வகைப் பாட்டுகள் உண்டு என்று 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே படத்தை மட்டும் வைத்து இனப்பெயர் சூட்டுவது என்னைப் பொறுத்தவரை அவசரம். பாட்டையும், குளிரில் அதன் வேகம் குறையும் என்பதால் அப்போதைய வெப்பநிலையையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

குறித்தேன். ஆனால் போனில் பதிவான 40 நொடியில் பாதி, தோட்டத்து நாயின் குரைப்பு.