நுரை வந்த வரத்துக்கால்

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கம். போன ஐப்பசியில் ஊருக்கு மேற்கே ஒரு டேங்கர் லாரி கவிழ்ந்து தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் நுரை அடித்து அணைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று ராத்திரி அடைமழை.

செட்டிநாட்டில் மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை. வளவு, தெரு, வரத்துக்கால் எல்லாமே ஊருணியைப் பார்த்துச் சரித்துக் கட்டியவை. அந்தச் சரிவு நுரையையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. காலையில் செம்புறாங்கல் படியோரம் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தது. மூன்றாம் நாள் நுரை இல்லை. தண்ணி தெளிஞ்சிருச்சு என்று குடத்தோடு இறங்க ஆரம்பித்தார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பெட்ரோல் தீக்கு அடிக்கும் நுரையில் பலவற்றில் பிஃபாஸ் எனும் ஃப்ளோரின் சேர்மங்கள் உண்டு; கார்பனும் ஃப்ளோரினும் பிடித்த பிடி லேசில் விடாது என்று தெரியும். அவற்றில் பிஎஃப்ஓஎஸ் 2009-லேயே லேசில் அழியாத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறிவிட்டது, பிஎஃப்ஓஏ 2019-இல்.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். 'ஊருணி நீர் மாசு' என்று மொட்டையாக எழுதியது என் தப்பு. மாதிரி எடுத்தார்கள், பிஎச், டிடிஎஸ், கடினத்தன்மை எல்லாம் வரம்புக்குள் என்று பதில் வந்தது. பொய்யில்லை. தேடாதது எப்படிக் கிடைக்கும்?

இரண்டாவது மனுவில் சேர்மத்தின் பெயரையே எழுதினேன். இந்த முறை மாசு கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் போனில் கூப்பிட்டார். "சார், இதுக்கு வெளி லேபுக்குத்தான் அனுப்பணும். என்ன நுரைன்னு ஒரு ஆதாரம் இருந்தா ஃபைல் நகரும்." நியாயம்தான், ஃப்ளோரின் இல்லாத நுரையும் சந்தையில் இருக்கிறதே. பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டேன். பதிலுக்கு 30 நாள்.

அதற்குள் ஆதாரம் டீக்கடையில் கிடைத்தது. கிளாஸ் கழுவத் தண்ணீர் பிடித்துவைத்திருந்த நீலக் கேனில் பாதி கிழிந்த லேபிள்: நுரையின் வகை, தண்ணீரில் கலக்கும் அளவு 3 சதவீதம், பேட்ச் எண். எனக்குப் பகீரென்றது. "நல்ல கெட்டிக் கேனு தம்பி, ரோட்டோரம் கெடந்துச்சு. தூக்கிப் போட மனசு வரலை" என்றார் கடைக்கார ஆச்சி. புதுக் குடம் ஒன்று வாங்கிக் கொடுத்துத்தான் அதை மீட்டேன்.

மாதிரி எடுக்க வந்த அன்று எனக்கே பாடம் நடந்தது. மழைக்கோட்டு கூடாது, முகத்துக்கு க்ரீம் கூடாது, குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப் பக்கத்திலேயே வரக்கூடாது. அவற்றிலும் இதே குடும்பத்துச் சரக்கு இருக்கலாம். கண்ணாடிப் பாட்டிலும் ஆகாது, சேர்மம் சுவரில் ஒட்டிக்கொள்ளுமாம். சுத்தமான நீரை அங்கேயே ஒரு பாட்டிலிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி மூடி, அதையும் ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். அந்தச் சுத்த நீரிலும் சேர்மம் வந்தால் தப்பு நம் கையில். வரத்துக்கால் எந்த வழி, நுரை எதுவரை ஏறியது என்று வரைபடம் போட்டுக் கொடுத்தது என் பங்கு. அதைப் பார்த்துத்தான் கீழண்டை அடிபம்பையும் சேர்த்தார்கள்.

முடிவு நானோகிராம் கணக்கில் வந்தது. கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அமெரிக்கா 2024-இல் குடிநீருக்கு வைத்த வரம்பு, பிஎஃப்ஓஎஸ்ஸுக்கு லிட்டருக்கு 4 நானோகிராம். ஊருணி அதைத் தாண்டியிருந்தது. அடிபம்பில் இல்லை, இப்போதைக்கு.

"காய்ச்சிக் குடிச்சா?" என்று எல்லோரும் கேட்டார்கள். காய்ச்சினால் தண்ணீர்தான் சுண்டும், அது அப்படியே இருக்கும். ஆர்ஓவும் கரி வடிகட்டியும் குறைக்கும், ஆனால் ஊருணிக்கு ஆர்ஓ போட முடியுமா? கூட்டுக் குடிநீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. படிக்கட்டில் போர்டு வைத்தாயிற்று. கோடையில் வண்டல் அள்ளி வயலுக்கு அடிப்பதை நிறுத்தச் சொல்லி இப்போது மூன்றாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.