ஊற்றிய அளவும் இருந்த அளவும்

நச்சியல் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் என் பொழுதெல்லாம் டாப்னியாவோடுதான் கழிந்தது. ஒரு வேதிப்பொருள் நீர்வாழ் உயிர்களுக்கு எவ்வளவு தீங்கானது என்று அறிய மீனை 96 மணி நேரமும், பாசியை 72 மணி நேரமும், நீர்த்தெள்ளு எனப்படும் டாப்னியாவை 48 மணி நேரமும் சோதிப்பது வழக்கம். பிறந்து 24 மணி நேரம் தாண்டாத குஞ்சுகளைக் குவளைக்கு ஐந்தாக விடும்போது பிப்பெட்டின் நுனி நீருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். மேலிருந்து சொட்டவிட்டால் ஓட்டுக்குள் காற்றுப் புகுந்து, மருந்தே கலக்காத குவளையிலும் அவை மிதந்து கிடக்கும். குவளையை மெல்ல அசைத்த பின் 15 விநாடிக்குள் நீந்தாதவை அசைவற்றவை என்று கணக்கில் ஏறும்.

அவ்வாண்டு நீரில் எளிதில் கரையாத, எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் ஒன்று சோதனைக்கு வந்தது. லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் செறிவில் பாதிக் குஞ்சுகள் அசைவற்றுப் போயின. வேதிப்பொருள்களைத் தீங்கின் அளவுப்படி பிரிக்கும் வகைப்பாட்டில் இந்தச் செறிவு ஒன்றுக்கு மேல் பத்து மில்லிகிராம் வரை இருந்தால் இரண்டாம் வகை என்பதால், குறுங்கால நச்சில் அதை இரண்டாம் வகையாக வரைவறிக்கையில் எழுதி, சற்றுப் பெருமிதத்தோடே மேலாளரிடம் கொடுத்தேன். அவர் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு, "இது நீங்க ஊத்தின அளவு. தண்ணியில எவ்வளவு இருந்துச்சு?" என்றார்.

குளிர்பெட்டியில் எடுத்து வைத்திருந்த மாதிரிகளை அப்போதுதான் பகுப்பாய்வுக்கு அனுப்பினேன். தொடக்கத்தில் ஊற்றிய அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது; 48 மணி நேரம் கழித்து அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காலிக் குவளையை அசிட்டோனால் அலசிப் பார்த்தபோது, காணாமற்போனதில் பெரும்பகுதி கண்ணாடிச் சுவரிலிருந்து வெளிவந்தது. அளந்த செறிவு ஊற்றிய அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகினால் அளந்ததைக் கொண்டே முடிவைச் சொல்ல வேண்டும் என்பது விதி. அப்படிக் கணக்கிட்டதும் மதிப்பு, அதாவது பாதிக் குஞ்சுகள் அசைவற்றுப்போகும் செறிவு, 1 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, பொருள் முதல் வகைக்குப் போனது. குறுங்கால நச்சில் முதல் வகைக்குத்தான் செத்த மீனும் பட்ட மரமும் வரைந்த சின்னம் உண்டு. இரண்டாம் வகைக்கு அது கிடையாது. என் வரைவு அப்படியே போயிருந்தால், பீப்பாயின் மேல் அந்த மீன் இருந்திருக்காது.

மறுசோதனையில் முந்தைய இரவே குவளைகளில் அதே கரைசலை நிரப்பிக் கண்ணாடியை ஊறவிட்டு, காலையில் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினோம்; 24 மணி நேரம் கழித்துக் கரைசலை மாற்றிக் குஞ்சுகளையும் புதுக் குவளைக்கு இடம் மாற்றினோம். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் செறிவு நிலைத்தது. மதிப்பு மீண்டும் 1 மில்லிகிராமுக்குக் கீழேயே வந்தது.

என்னை உறுத்தியது வேறொன்று. ஆய்வகத்தில் கண்ணாடி செய்த வேலையை ஆற்றில் வண்டலும் சேறும் செய்யும். நீரை மொண்டு சோதித்தால் பொருள் மறைந்துவிட்டதாகவே தோன்றும். சேற்றைத் தின்று வாழும் புழுவுக்கோ அது அன்றாட உணவோடு உள்ளே போகும். அதனால் அறிக்கையின் கடைசிப் பத்தியில், வண்டலில் வளரும் கைரோனமஸ் என்ற கொசு போன்ற பூச்சியின் இளம்புழுக்களைக் கொண்டு 28 நாள் சோதனை ஒன்றையும் செய்ய வேண்டும் என்று எழுதினேன். மேலாளர் அந்தப் பத்தியில் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.