தராசுக்குக் கணக்குத் தலைப்பு இல்லை

மேலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சாவடியில், 1983ஆம் ஆண்டு, என் முதல் வேலைநாள் ஒரு தராசைத் தொங்கவிடுவதில் தொடங்கியது. கடிகாரம் போல வட்ட முகம், கீழே ஒரு கொக்கி, பிள்ளையை உட்கார வைக்கத் துணியில் தைத்த காற்சட்டை. உத்தரத்தில் கயிறு போட்டுக் கொடுத்தவர், அங்கே ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்த பெரியவர். "பிள்ளையை நிறுத்துப் பார்க்கக் கூடாதம்மா, கண் பட்டுவிடும்" என்று சொல்லிக்கொண்டேதான் முடிச்சை இறுக்கினார்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்பது முழுப்பெயர். டி.ஐ.என்.பி. என்றுதான் நாங்கள் சொல்வோம். உலக வங்கிக் கடனுதவியோடு 1980இல் தொடங்கியது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள்தான் எங்கள் கணக்கு. மாதா மாதம் ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்து, அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோட்டால் சேர்க்க வேண்டும். "கோடு படுத்துவிட்டால் பிள்ளையும் படுத்துவிடும்" என்பார் பயிற்சி கொடுத்த அம்மா. எடை சரியாக ஏறாத பிள்ளையைப் பட்டியலில் சேர்த்து 90 நாள் சத்துமாவு உருண்டை கொடுப்போம். அதையும் வீட்டுக்குக் கொடுத்துவிட மாட்டோம். என் கண் முன்னால் பிள்ளை தின்ன வேண்டும். தேறிவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம்.

அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. மூன்று மாதத்தில் நன்றாகத் தேறிய ஒரு பெண் பிள்ளையின் பெயரை அடித்தபோது, அதன் தாய் கேட்டாள்: "டீச்சர், எடை ஏறினால் உருண்டை கிடையாது, ஏறாவிட்டால் உண்டு என்கிறீர்கள். அப்படியென்றால் நான் இவளை எப்படி வளர்க்க வேண்டும் என்கிறீர்கள்?" நான் பயிற்சியில் சொல்லித் தந்ததை ஒப்பித்தேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் வந்தது. பதில் தெரியாததால் வந்த கோபம்.

அவள் கேள்விக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் அதே ஊரில், அதே தெருவில் நடந்துகொண்டிருந்தது. அங்கே இரண்டு வயதைத் தாண்டிய எந்தப் பிள்ளையும் தட்டோடு போய் உட்காரலாம். எடை என்ன, ஏன் வந்தாய் என்று எவரும் கேட்பதில்லை. இங்கே நிறுத்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள், அங்கே கேட்காமல் கொடுக்கிறார்கள். எந்த அரசு உண்மையான அரசு என்று ஊர்க்காரர்களுக்குக் குழப்பம். பொருளாதாரம் படித்தவர்கள் அப்போது சத்துணவை வீண்செலவு என்றார்கள். தேவைப்படும் பிள்ளையை மட்டும் தேடிப்பிடித்துக் கொடுக்கிற எங்கள் முறையே அறிவானது என்றார்கள். எனக்கும் அந்தப் பெருமை கொஞ்சம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு பார்த்தால், நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு எதுவும் கேட்காமல் சோறு போடுவதுதான் சரி. பந்தியில் உட்கார்ந்த பிள்ளையை எழுப்பிவிடுகிற கணக்கு நம் ஊரில் செல்லாது. ஆனால் நடக்கத் தெரியாத பிள்ளையை யாராவது தேடிப் போய்த்தான் ஆக வேண்டும். அது பந்திக்கு வராது. இடுப்பில் இருக்கும், தூளியில் இருக்கும், தாய் களை எடுக்கும் வயலின் வரப்பில் இருக்கும். ஒரு மனிதனின் மூளையும் உயரமும் பெருமளவு தீர்மானமாகிற காலம் அந்த வரப்பில் கழிகிறது.

1997இல் டி.ஐ.என்.பி.யின் இரண்டாம் கட்டமும் முடிந்து, நாங்கள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளுக்குள் போய்ச் சேர்ந்தோம். அது 1975 அக்டோபர் 2ஆம் தேதி நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் மட்டும் தொடங்கி வளர்ந்த மத்திய அரசுத் திட்டம். இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவப் பரிந்துரை, தாய்மாருக்கு நலக்கல்வி என்று ஆறு சேவைகள். காகிதத்தில் படித்தால் குறை சொல்ல முடியாத திட்டம். ஆனால் ஆறு சேவைக்கும் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். காலையில் பிள்ளைகளைக் கூட்டி வரவேண்டும். பாட்டு, கதை, அரிசி அளவு, முட்டைக் கணக்கு, சாப்பாடு, தூங்க வைத்தல், பதிவேடு. இதெல்லாம் முடிந்த பிறகு பிற்பகலில் வீடு வீடாகப் போய்க் கைப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்பது விதி. பிற்பகல் மூன்று மணிக்கு எந்தத் தாய் வீட்டில் இருக்கிறாள்? பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். சில நாள் அதுகூட இல்லை. கதவு பூட்டியிருக்கும் என்று இங்கிருந்தே தெரியும்.

மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு பெற்ற பிறகு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பொறுப்பில் இருபத்தைந்து அங்கன்வாடி மையங்கள். அவற்றில் ஒன்றில் எடை குறைந்த பிள்ளையே இல்லை என்று நான்கு மாதமாக அறிக்கை வந்தது. கூட்டத்தில் அந்தப் பணியாளரைக் கைதட்டிப் பாராட்டினோம். அடுத்த வாரம் அங்கே போனபோது, தராசின் முள் வெறும் காற்சட்டையிலேயே 300 கிராம் காட்டியது. பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ஒரு கிலோ எடைக்கல் வாங்கி வந்து மாட்டினேன். ஒன்றே கால் கிலோவைத் தாண்டி நின்றது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் அந்தத் தளர்ச்சியால் தேறியிருந்தார்கள்.

பணியாளர் அழுதுவிட்டார். அவர் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தார். நான் கோப்பைத் தேடினேன். தராசு பழுதுபார்க்கும் செலவை எழுதக் கணக்குத் தலைப்பு இல்லை என்று குறிப்பெழுதித் திருப்பியிருந்தார்கள். புதுத் தராசு வாங்கலாம், அது வருகிற திட்டத்தில். பழையதைச் சரிசெய்ய ஐம்பது ரூபாய்க்கு வழியில்லை. அந்த அலுவலகத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். தலைப்பு இல்லாத செலவுக்குக் கையெழுத்திட்டால் தணிக்கையில் அவர்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள். நான் என் கைப்பணத்தில் டவுனுக்கு எடுத்துப் போய்ச் சரிசெய்தேன். அடுத்த மாதம் அந்த ஊரில் ஒன்பது பிள்ளைகள் எடை குறைந்துபோனார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

பின்னாளில் ஆண்டுத் திட்டம் தயாரிக்கும் மாதங்களில் என்னைத் திட்ட அலுவலகத்துக்கு அழைத்துக்கொள்வார்கள். எனக்குக் கூட்டல் வேகமாக வரும் என்பதுதான் காரணம். திட்டமிடுதல் என்றால் என்ன என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். படிவத்தில் உள்ள கட்டங்களை நிரப்புவதுதான் திட்டமிடுதல். கட்டடம் எத்தனை, கழிப்பறை எத்தனை, பயனாளி எத்தனை. ஆண்டுக்கு 300 நாள் உணவு. 2017இல் மத்திய அரசு நிர்ணயித்தபடி ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய், கடுமையாக எடை குறைந்த பிள்ளைக்கு 12 ரூபாய். எட்டை முந்நூறால் பெருக்கினால் 2,400. ஒரு பிள்ளையின் ஓராண்டு உணவு முதலீடு அவ்வளவுதான். தமிழ்நாட்டில் முட்டையும் சத்துமாவும் கிடைக்கிறது, மாநில அரசு தன் பணத்தையும் போடுகிறது என்பதை மறுக்கவில்லை. பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆனாலும் அந்தப் படிவத்தில் நான் தேடிய ஒரு கட்டம் கடைசி வரை இல்லை. ஒரு பணியாளர் ஒரு கைப்பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதன் தாயோடு பேசுகிற அரை மணி நேரத்தை எங்கே எழுதுவது? மூட்டைக்குக் கட்டம் உண்டு. பேச்சுக்கு இல்லை.

சோற்றுக்குச் சட்டமும் உண்டு. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 500 கலோரி என்று அட்டவணையில் எழுதியது. கல்விக்கு வந்தால் கதை வேறு. 2002இல் அரசியலமைப்பைத் திருத்தியபோது ஆறிலிருந்து பதினான்கு வயது வரை கல்வியை அடிப்படை உரிமை ஆக்கினார்கள். ஆறு வயதுக்குக் கீழே அரசு "முயல வேண்டும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அலுவலக மொழியில் "முயல வேண்டும்" என்றால் நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பொருள். முப்பது வருடக் கோப்பு அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு பயிற்சியில் ஹெக்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞரின் வரைபடத்தைத் திரையில் காட்டினார்கள். 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். வயது ஏற ஏற, ஒரு பிள்ளைக்குச் செலவிடும் பணத்தின் பலன் குறைந்துகொண்டே போகும் என்பது படத்தின் சாரம். கோடு இடமிருந்து வலமாக இறங்கியது. எங்கள் பட்ஜெட்டை அதே தாளில் போட்டால் இடமிருந்து வலமாக ஏறும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஆதாரமாக எடுத்துக்கொண்டது மிச்சிகன் மாநிலத்தில் 1960களில் நடந்த பெரி பாலர் பள்ளி ஆய்வு. மொத்தம் 123 பிள்ளைகள். ஏறக்குறைய ஆறு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். வாரம் ஒரு முறை ஆசிரியரே வீட்டுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் இருப்பார். இந்தக் கடைசி விவரம் திரையில் வரவில்லை, நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. போட்ட பணத்துக்கு இத்தனை மடங்கு வரவு என்பதை மட்டும் காட்டிவிட்டுத் தேநீருக்கு விட்டார்கள்.

2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது பெற்றோர் திரண்டு வந்தார்கள். நியாயம்தான். ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளைக்காக எந்த ஊரிலும் யாரும் மனு கொடுத்து நான் பார்த்ததில்லை. அதற்குச் சீருடை கிடையாது, புகைப்படம் எடுக்க முடியாது.

அதற்கு முந்தைய மார்ச்சில் போஷன் அபியான் என்ற மத்திய அரசின் ஊட்டச்சத்து இயக்கம் வந்திருந்தது. கைப்பேசி வந்தது, எண் காட்டும் தராசு வந்தது, படுக்க வைத்து நீளம் அளக்கும் பலகையும் வந்தது. நல்ல கருவிகள், குறை சொல்லவில்லை. பலகையில் பிள்ளையை அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் முழங்காலை நீட்டிப் பிடித்து அளவு பார்க்க வேண்டும். இரண்டாவது ஆளான உதவியாளர் அந்த நேரத்தில் அடுப்படியில் இருப்பார். ஒரு மையத்தில் தபால் கொடுக்க வந்தவரைத் தலை பிடிக்கச் சொல்லி அளந்தோம்.

அந்த ஆண்டே எனக்கு ஓய்வு. பொறுப்பை ஒப்படைக்கும்போது மையம் மையமாக இருப்புப் பதிவேடு சரிபார்க்க வேண்டும். மூட்டைத் தராசு, பாத்திரம், பாய், நாற்காலி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனோம். எனக்குப் பின் வரும் பெண் படித்தாள், நான் பொருளைக் காட்டினேன். "வட்ட முகத் தராசு, ஒன்று, பழுது" என்றாள். அலமாரிக்கு மேல், துணிக் காற்சட்டையைச் சுற்றி வைத்திருந்தார்கள். கழிவு செய்ய அனுமதி கேட்டு எழுதியதற்குப் பதில் இன்னும் வரவில்லையாம். எடுத்துக் கொக்கியைப் பிடித்துத் தூக்கினேன். முள் 300இல்தான் நின்றது.

"இருக்கிறதா, மேடம்?" என்று கேட்டாள்.

"இருக்கிறது, டிக் போட்டுக்கொள்" என்றேன்.