ஒடித்துத் திருப்பினால் உதறும் கார்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் நுழைய வேண்டுமானால் ஸ்டியரிங்கை ஏறக்குறைய முழுவதுமாக ஒடிக்க வேண்டும். கடந்த கோடையில், மணலியிலிருந்து வீடு திரும்பும்போதெல்லாம் அந்த ஒரு திருப்பத்தில் மட்டும் கார் உதறத் தொடங்கியது. யாரோ கை பிரேக்கைப் பாதி இழுத்து, விட்டு, மறுபடி இழுப்பது போன்ற உதறல் அது; ஸ்டியரிங்கில் அதிகம் தெரியாது, இருக்கைக்கு அடியில் நன்றாகத் தெரியும். காலையில் வண்டியை எடுக்கும்போது அது இல்லை. நேர்ச்சாலையில் எந்த வேகத்திலும் இல்லை.

என்னுடையது நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பழைய ஆல் வீல் டிரைவ் வண்டி. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "ஆக்ஸில் ஜாயின்ட் காலி சார், ரெண்டு பக்கமும் மாத்திடலாம்" என்றார். சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டின் மூட்டைத்தான் அப்படிச் சொன்னார். 20,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்று கேட்டதும் எனக்கு ஒரு நாள் அவகாசம் தேவைப்பட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கைக்கு வருபவை பெரும்பாலும் முன்சக்கர இழுவை வண்டிகள், அவற்றில் திருப்பத்தில் தொல்லை என்றால் முதலில் ஜாயின்ட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆனால் தேய்ந்த ஜாயின்ட் சக்கரம் சுழலும் தாளத்துக்கு ஏற்ப 'டக் டக்' என்று ஒலிக்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்தச் சத்தம் கூடும், வண்டி சூடாகும்வரை காத்திருக்கவும் செய்யாது. என் வண்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

திருப்பத்தில் நான்கு சக்கரங்களும் நான்கு வெவ்வேறு வட்டங்களில் ஓடுகின்றன. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.6 மீட்டர் தூரமும், 5.5 மீட்டர் திருப்ப ஆரமும் உள்ள ஒரு கார் அரைவட்டம் அடிக்கும்போது, முன்சக்கரங்கள் சராசரியாக 15 மீட்டருக்குச் சற்று அதிகமாக உருள, பின்சக்கரங்கள் 13 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே உருள்கின்றன. இந்த இரண்டரை மீட்டர் வித்தியாசத்தை நடுவில் ஏதோ ஒன்று விழுங்கியாக வேண்டும். என் வண்டியில் அந்த வேலையைச் செய்வது, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் உள்ள கப்ளிங் என்ற இணைப்பு. அதற்குள் எண்ணெயில் ஊறிய கிளட்ச் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்கின்றன. எண்ணெய் கெட்டுப்போனால் தட்டுகள் சீராக வழுக்காமல் பற்றி, விட்டு, மறுபடி பற்றும். கழுவிய எவர்சில்வர் தட்டில் ஈர விரலைத் தேய்த்தால் கீச்சிடுகிறதே, அதே சங்கதிதான். (மஹிந்திரா தார், ஜிம்னி போன்றவற்றை 4x4-இல் போட்டுக் காய்ந்த சாலையில் ஒடித்தால் வண்டி இறுகுவது வேறு கதை. அவற்றில் நடுவில் வித்தியாசத்தை விழுங்க எதுவுமே கிடையாது. அது பழுதல்ல, அமைப்பே அப்படி.)

ஞாயிற்றுக்கிழமை மாதவரம் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் கிடங்கு வளாகத்துக்கு வண்டியைக் கொண்டு சென்றேன். காய்ந்த சிமென்ட் தரை வேண்டும் என்பதற்காகவே அந்த இடம். காசிமேட்டு மணலில் முந்தைய வாரம் சுற்றிப் பார்த்தபோது உதறல் இல்லவே இல்லை. மணலில் டயரே சறுக்கி வித்தியாசத்தைத் தீர்த்துவிடுகிறது. அதுவே எனக்கு முதல் துப்பு. வண்டி நன்றாகச் சூடேறியிருந்த நிலையில், முழுதாக ஒடித்து நடை வேகத்தில் எட்டுப் போட்டேன். மூன்றாம் சுற்றில் உதறல் வந்தது. நியூட்ரலில் உருளவிட்டேன், அப்போதும் இருந்தது. ஆகவே எஞ்சின் மீதும் கியர்பாக்ஸ் மீதும் சந்தேகம் தீர்ந்தது. பிறகு கப்ளிங்குக்கு மின்சாரம் தரும் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அதே எட்டைப் போட்டேன். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, உதறல் ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆக, குற்றவாளி கப்ளிங்தான்.

எண்ணெயை மாற்றினால் முடிந்தது என்று அங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் சில மாதங்களுக்கு முன் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் சாலையில் இரும்புத் துண்டு கிழித்து ஒரு முன்டயர் போனதும், சிக்கனம் பார்த்து முன்பக்கம் இரண்டை மட்டும் புதிதாகப் போட்டதும் நினைவுக்கு வந்தன. டயர் பட்டனின், அதாவது மேற்பரப்பு வரிப்பள்ளங்களின், ஆழத்தை அளந்தேன்: முன்னால் 7 மி.மீ., பின்னால் 3 மி.மீ. சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம் என்பதால் பஞ்சர் கடைக்காரர் உட்பட யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரைச் சுற்றி நூல் கட்டி அளந்தேன். முதலில் வலை பின்னும் நைலான் நூலைப் பயன்படுத்தியது என் முட்டாள்தனம். அது இழுபட்டு ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு காட்டியது. மூட்டை தைக்கும் சணலுக்கு மாறி, முடிச்சுப் போட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது, முன்டயரின் சுற்றளவு ஏறத்தாழ ஓர் அங்குலம் அதிகமாக இருந்தது. சுபாரு நிறுவனம் தன் ஆல் வீல் டிரைவ் வண்டிகளுக்குக் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது. என் அளவுடைய டயரில் ஓர் அங்குலம் என்றால், நேர்ச்சாலையிலும் பின்சக்கரம் கிலோமீட்டருக்கு நாலைந்து சுற்று அதிகமாகச் சுழல்கிறது என்று பொருள். மணலி போய் வரும் வழி முழுவதும் கப்ளிங் ஓய்வின்றித் தேய்ந்து சூடாகிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில்தான் எண்ணெய் வெந்தது.

மெக்கானிக்கிடம் எண்ணெய் மாற்ற மட்டும் சொன்னேன். ஊற்றும் வாயின் பிளக் கழல்கிறதா என்று முதலில் பார்த்த பிறகே வடிக்கும் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்பதை அவரே சொன்னார். மேல் பிளக் இறுகியிருக்கும்போது கீழே வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். வடிந்தது ஏறக்குறைய ஒரு லிட்டர், டீ டிக்காஷன் நிறம், கருகிய வாடை. வண்டியின் கையேடு குறிப்பிட்ட எண்ணெயையே ஊற்றி, பத்து நிமிடம் எட்டுப் போட்டு, அதையும் வடித்து, மறுபடி புதிது ஊற்றினோம். தட்டுகளுக்கு இடையில் பழையது கொஞ்சம் தங்கிவிடும் என்பதால் இந்த இரண்டாவது செலவை நான் வீண் என்று நினைக்கவில்லை.

அதே வாரம் பின்பக்கமும், முன்னால் இருக்கும் அதே டயரை, அதே அளவில் போட்டாயிற்று. புதிய பட்டன் 8 மி.மீ., முன்னால் 7. சணல் முடிச்சுகளுக்கு இடையே இப்போது கால் அங்குலம்தான் இருக்கிறது. தெருமுனையில் ஒடிக்கும்போது வண்டி சத்தமில்லாமல் திரும்புகிறது. கழற்றிய பின்டயர்களில் ஒன்று இன்னும் மாடியில் கிடக்கிறது, அதில் அம்மா துளசி வைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.